தன் யோசனையைத் தானே சோதிக்கும் கணினி: நீலகிரி உறைபனியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

உதகையை அடுத்த தலைகுந்தா பக்கம் பள்ளத்தில் ஒரு கேரட் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எந்த ராத்திரி உறைபனி விழும் என்று சாயங்காலமே சொல்ல ஒரு கணினி அமைப்பு வேண்டும். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் அளக்கச் சென்சர்கள். அவற்றைப் படித்து, "இன்று பனி விழும், தயாராகுங்கள்" என்று தோட்டக்காரர் செல்போனுக்குச் செய்தி அனுப்ப ஒரு புரோகிராம். இது வரைக்கும் இன்று பெரிய வேலை இல்லை. உதகையிலோ குன்னூரிலோ கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் செய்துவிடுவார்கள்.

கஷ்டமானது அடுத்தது. அந்த அமைப்பு தப்பாக யோசித்துக்கொண்டிருந்தால், தப்பு நடக்கிறது என்று அதற்கே தெரிய வேண்டும். எந்த இடத்தில் தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் திருத்த வேண்டும், திருத்துகிறேன் என்று இன்னும் கெடுத்துவிடாமல்.

இந்தத் துறையில் ஐம்பது ஆண்டுகளாக வேலை நடந்திருக்கிறது. அதையெல்லாம் படித்ததில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது ஒன்றுதான்: வெளியிலிருந்து ஒரு சான்று கையில் இல்லாத அமைப்பு தன்னைத் திருத்திக்கொள்ள முடியாது, தன் முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கத்தான் முடியும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சான்றை எங்கே, எப்படிச் செருகுவது என்பது பற்றித்தான்.

வேலை செய்யும் தளம், கவனிக்கும் தளம்

நம் நினைவு எவ்வளவு நம்பத்தக்கது, நமக்கு எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று நமக்கே ஓரளவு தெரியும். இதை 1970-களில் உளவியலில் தனி ஆய்வுப் பொருளாக்கியவர் ஜான் ஃபிளாவெல். 1990-இல் தாமஸ் நெல்சன், லூயிஸ் நாரென்ஸ் இருவரும் இதற்கு ஒரு எளிய வரைபடம் கொடுத்தார்கள். கீழே ஒரு தளம் வேலையைச் செய்கிறது. மேலே ஒரு தளம் அதைக் கவனிக்கிறது. கீழிருந்து மேலே தகவல் போகிறது, மேலிருந்து கீழே கட்டளை வருகிறது. கணினிக்காரர்களும் இதே வரைபடத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நம் தோட்டத்தில் கீழ்த்தளத்தின் கேள்வி "பனி விழுமா?" மேல்தளத்தின் கேள்வி "இந்த முடிவுக்கு வந்த வழி சரிதானா?" இரண்டையும் ஒரே கோப்பில், ஒரே ஃபங்ஷனில் கலந்து எழுதாதீர்கள். தனித்தனி புரோகிராம்களாக எழுதுங்கள். இதன் பலன் கடைசிப் படியில் தெரியும்.

படி 1: முடிவோடு காரணத்தையும் எழுதி வையுங்கள்

பெரும்பாலான புரோகிராம்கள் விடையை மட்டும் சேமிக்கும். "இன்று ராத்திரி: ஆம்." இதை வைத்துக்கொண்டு எதையும் சோதிக்க முடியாது. 1970-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற மருத்துவ அமைப்பில் இதற்கு வழி இருந்தது. ரத்தத்தில் என்ன தொற்று என்று அது கணிக்கும். நடுவில் மருத்துவர் "ஏன் இதைக் கேட்கிறாய்?" என்றோ "எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?" என்றோ கேட்டால், எந்த விதியின்படி என்று எடுத்துக் காட்டும்.

அடுத்த முன்னேற்றம் 1979-இல் ஜான் டாயில் செய்தது. ஒவ்வொரு நம்பிக்கையும் எதன் மேல் நிற்கிறது என்று கணினி குறித்து வைத்துக்கொள்ளும். அடியில் இருக்கும் ஒன்று பொய்யானால், அதன் மேல் நின்றவை மட்டும் விழும், மற்றவை அப்படியே நிற்கும். நம் அமைப்பு மாலை 5 மணிக்கு இப்படி எழுதி வைக்கிறது என்று பாருங்கள்:

அ. வானம் தெளிவு (வெயில் அளவியின்படி)
ஆ. காற்று இல்லை (காற்று அளவியின்படி)
இ. காற்றில் ஈரம் குறைவு (ஈரப்பத சென்சரின்படி)
ஈ. உறைபனி விழும் (அ, ஆ, இ சேர்ந்து)
உ. நடு இரவில் ஸ்பிரிங்க்ளரைப் போடு (ஈ-யின்படி)
ஊ. நாளைக் காலை மருந்து அடிக்கலாம் (ஆ-வின்படி)

ராத்திரி 8 மணிக்கு, மேகம் வந்து மூடிவிட்டது என்று தோட்டக்காரர் செய்தி அனுப்புகிறார். அ விழுகிறது. ஆகவே ஈ விழுகிறது, உ-வும் விழுகிறது. ஆனால் ஊ-வைத் தொட வேண்டியதில்லை, அது காற்றை மட்டும் நம்பி நின்றது. காரணத்தை எழுதி வைக்காத அமைப்பு ஒன்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும், இல்லையென்றால் பழைய முடிவையே பிடித்துக்கொண்டிருக்கும்.

படி 2: என்ன எதிர்பார்க்கிறாய் என்று முன்கூட்டியே சொல்ல வையுங்கள்

தப்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், சரி எப்படி இருக்கும் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும். மைக்கேல் ஆண்டர்சன், டான் பெர்லிஸ் இருவரும் 2005 வாக்கில் முன்வைத்த சுழற்சி இதை மூன்றே சொற்களில் அடக்கியது: கவனி, எடைபோடு, வழிநடத்து. கவனிப்பது என்றால் எதிர்பார்த்தது நடக்காததைக் கவனிப்பது.

எதிர்பார்ப்புகளில் பல வகை உண்டு. மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், எவ்வளவு வேகமாக மாறலாம், ஒரு சென்சருக்கும் இன்னொன்றுக்கும் என்ன உறவு, எத்தனை மணிக்குள் முடிவு வந்தாக வேண்டும், யோசனை முன்னேறுகிறதா அல்லது ஒரே இடத்தில் சுற்றுகிறதா.

ஒரு சின்ன உதாரணத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். இப்படிப்பட்ட வேலைகளுக்குப் பலரும் வாங்குவது டி.எஸ்.18பி20 என்ற மலிவான வெப்பநிலை சென்சர். மின்சாரம் வந்தவுடன், இன்னும் எதையும் அளக்காத நிலையில், அது 85 டிகிரி என்று காட்டும். அதன் அளவு எல்லையோ -55 முதல் 125 டிகிரி வரை. ஆகவே "சென்சரின் எல்லைக்குள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் 85 தேர்வில் பாஸாகிவிடும். தலைகுந்தாவில் ஜனவரி ராத்திரி 85 டிகிரி வராது என்பது சென்சரின் விவரத் தாளில் இல்லாத அறிவு. அது ஊரைப் பற்றிய அறிவு, நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒயர் கழன்றுவிட்டால், ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகையில் இந்த சென்சரைப் படிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி (தயார் நிரல் தொகுப்பு) -127 என்று கொடுக்கும். அது கண்ணில் பட்டுவிடும். ஆனால் அதையும் மற்ற மதிப்புகளோடு சேர்த்து சராசரி எடுத்துவிட்டால், "பயங்கரக் குளிர்" என்று தவறான எச்சரிக்கை போகும்.

மதிப்பு மாறாமல் நின்றால் சென்சர் கெட்டுவிட்டது என்று ஒரு விதி எழுதத் தோன்றும். நல்ல விதிதான். ஆனால் நனைந்த சென்சரின் மேல் தண்ணீர் உறையும்போது, உறைதல் முடியும் வரை வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். நாம் தேடிக்கொண்டிருந்த உறைபனியே வந்து நிற்கிறது, கண்காணிப்பு விதியோ அதைப் பழுது என்று தள்ளுகிறது! எதிர்பார்ப்பு மீறப்பட்டது என்று தெரிந்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

படி 3: தப்பு யார் மேல் என்று விசாரியுங்கள்

நேரத்தையும் உழைப்பையும் அதிகம் கொட்ட வேண்டிய படி இது. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் சந்தேகப்பட மூன்று பேர் இருக்கிறார்கள். சென்சர் பொய் சொல்லியிருக்கலாம். உலகம் உண்மையிலேயே மாறியிருக்கலாம். அல்லது சென்சரும் சரி, உலகமும் வழக்கம்போல, நம் அமைப்பு யோசிக்கும் விதமே தப்பாக இருக்கலாம். பல அமைப்புகள் முதல் ஆளை மட்டும் பிடித்துத் தண்டித்துவிட்டு விசாரணையை முடித்துவிடுகின்றன.

நம் மலையிலேயே இதற்கு நடந்த உதாரணம் உண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவானது. மண்சரிவுகளில் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு புரோகிராம் எழுதி, "82 செ.மீ.க்கு மேல் மழை காட்டினால் கருவி பழுது" என்று யாராவது விதி வைத்திருந்தால் அது நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பெய்தது. அந்த விதி, மிகத் தேவையான நாளில், உண்மையைக் குப்பையில் போட்டிருக்கும்.

அப்படியானால் எப்படி விசாரிப்பது? சம்பந்தமில்லாத இன்னொரு சாட்சியைக் கூப்பிட வேண்டும். அதே நாட்களில் அப்பர்பவானி, எமரால்டு பக்கமும் கனமழை. பக்கத்துக் கருவிகளும் ஏறினால் கருவி பழுது என்ற வாதம் நிற்காது. ஆனால் எந்தப் பக்கத்துக் கருவி என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவமழை கூடலூர், குந்தா, அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தில்தான் கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில். ஆகஸ்டில் அவலாஞ்சிக் கருவியைக் கோத்தகிரிக் கருவியோடு ஒப்பிட்டால், உண்மை பேசும் கருவியைப் பொய்யன் என்று முத்திரை குத்திவிடுவோம். எந்தப் பருவத்தில் யார் சாட்சி என்ற பட்டியலை மேல்தளத்துக்குக் கொடுங்கள். மலையின் குணம் தெரிந்தவர் உட்கார்ந்து எழுத வேண்டிய பட்டியல் அது.

மூன்றாவது சந்தேக நபரைப் பிடிப்பதுதான் மிகக் கஷ்டம். நம் அமைப்பு "குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி, பனி இல்லை" என்றது. காலையில் புல் முழுக்க வெள்ளை. சென்சரை எடுத்துச் சோதித்தால் சரியாக இருக்கிறது. வானிலையிலும் புதுமை இல்லை. விஷயம் என்னவென்றால், சென்சர் ஆள் உயரத்தில் தொங்குகிறது, கேரட் தழை தரையோடு இருக்கிறது. தெளிவான, காற்றில்லாத ராத்திரியில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அமைப்புக்குள் "சென்சர் காட்டுவதே செடிக்கு உள்ள குளிர்" என்று யாரும் எழுதாத ஓர் அனுமானம் உட்கார்ந்திருந்தது. எழுதாத அனுமானத்தைப் படி 1-இல் சொன்ன முறையால் பிடிக்க முடியாது.

இப்படிப்பட்டது ஒரே அடையாளத்தோடு வரும்: தப்புகள் ஒரே திசையில் சாயும். கெட்டுப்போன சென்சர் பெரும்பாலும் திடீரென்று, தாறுமாறாகத் தப்பு செய்யும். தப்பான மாடல், அதாவது தப்பான கணிப்பு முறை, தெளிந்த ராத்திரிகளில் எல்லாம் வெப்பநிலையைக் கூடுதலாகவே சொல்லும், மேகமூட்ட ராத்திரிகளில் சரியாகச் சொல்லும். ஆகவே ஒவ்வொரு காலையும் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, அன்றைய சூழ்நிலையோடு சேர்த்துச் சேமியுங்கள். தரையில் நிஜமாகப் பனி இருந்ததா என்பதை ஒரு மனிதர் காலையில் நடந்துபோய்ப் பார்த்துப் பதிய வேண்டும். இதைச் சோம்பலில் விட்டுவிடும் திட்டங்கள் மாடலின் தப்பை ஒருபோதும் கண்டுபிடிக்காது.

படி 4: திருத்தும்போது எதைத் திரும்பப் பெற முடியும் என்று பாருங்கள்

திருத்தம் என்றால் புரோகிராம் எழுதுபவர்களுக்கு "மறுபடி முயற்சி செய்" என்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். இன்னும் பல வழிகள் உண்டு. கூடுதல் தகவல் கேட்கலாம், வேறு முறைக்கு மாறலாம், ஓர் அனுமானத்தைக் கைவிட்டு அதன் மேல் நின்றவற்றை விழ விடலாம், "எனக்குத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று மனிதரிடம் ஒப்படைக்கலாம். கடைசி வழியைக் கௌரவக் குறைச்சலாக நினைக்காதீர்கள், நல்ல அமைப்புக்கு அது அவசியம்.

ஆனால் திருத்தமே கெடுதல் செய்யும் சந்தர்ப்பம் உண்டு. ஸ்பிரிங்க்ளர் போட்டு உறைபனியிலிருந்து செடியைக் காக்கும்போது, தண்ணீர் உறைகையில் வெளிவிடும் வெப்பம்தான் இலையைக் காக்கிறது. ஆரம்பித்தால், பனி உருகும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகும்போது செடியின் சூட்டையே உறிஞ்சிவிடும். ராத்திரி 3 மணிக்கு நம் அமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டு, "நான் நினைத்த அளவு குளிர் இல்லை, ஸ்பிரிங்க்ளரை நிறுத்து" என்றால், யோசனை சரியாகி, பயிர் போய்விடும். ஆகவே ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில், இதைப் பாதியில் நிறுத்தலாமா கூடாதா என்று குறித்து வையுங்கள். நிறுத்தக் கூடாத செயல் ஓடும்போது, மேல்தளம் தன் புது முடிவை அடுத்த ராத்திரிக்கு எழுதி வைக்கட்டும்.

படி 5: யோசிக்க ஒரு நேர எல்லை

தன்னைச் சோதிப்பதற்கும் நேரம் செலவாகும். 1991-இல் ஸ்டூவர்ட் ரஸ்ஸல், எரிக் வெஃபால்ட் இதைக் கணக்காகவே எழுதினார்கள்: இன்னும் கொஞ்சம் யோசித்தால் முடிவு எவ்வளவு மேம்படும், அதற்குள் எவ்வளவு நேரம் போய்விடும் என்று இரண்டையும் எடைபோட வேண்டும். தோட்டத்தில் இதன் பொருள் நேரடியானது. இளம் செடிகளைப் பெரணித் தழை போட்டு மூட ஆள் வேண்டும், வெளிச்சம் வேண்டும். மாலை 5 மணிக்கு வரும் ஓரளவு சரியான முடிவு, ராத்திரி 11 மணிக்கு வரும் மிகச் சரியான முடிவைவிடப் பயனுள்ளது. 5 மணிக்கு எந்த விடை கையில் இருக்கிறதோ அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் மேம்படுத்துகிற மாதிரி எழுதுங்கள்.

படி 6: தன்னம்பிக்கைக்கு மதிப்பெண் போடுங்கள்

"பனி விழும்" என்று மட்டும் சொல்லும் அமைப்பைவிட "80 சதவீதம்" என்று சொல்லும் அமைப்பு நல்லது, அந்த 80-க்கு அர்த்தம் இருந்தால். 1950-இல் வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் இதற்கு ஓர் எளிய மதிப்பெண் முறை கொடுத்தார். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. சொன்ன எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் செய்யுங்கள். 80 சதவீதம் என்று சொல்லிப் பனி விழுந்தால் 0.04. விழாவிட்டால் 0.64. எல்லா ராத்திரிக்கும் சராசரி எடுங்கள். குறைவாக இருந்தால் நல்லது.

அதோடு இன்னொன்றும் பாருங்கள். 70 சதவீதம் என்று சொன்ன ராத்திரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். அவற்றில் பத்துக்கு ஏழில் பனி விழுந்ததா? ஐந்தில்தான் விழுந்தது என்றால் அமைப்புக்குத் தன் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை. ஆழமான நியூரல் நெட்வொர்க்குகளுக்கு (உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் பல அடுக்குக் கணிப்பு நிரல்கள்) இந்தக் குணம் உண்டு என்று 2017-இல் சுவான் குவோவும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். விடைகளை மாற்றாமல், நம்பிக்கை எண்ணாக மாறுவதற்கு முந்தைய உள் மதிப்பெண்களை ஒரே எண்ணால் வகுத்து நம்பிக்கையைத் தணித்தாலே பெருமளவு சரியாகிவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

படி 7: மொழி மாடலைச் சேர்ப்பதானால்

சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாடலை இந்த அமைப்பில் சேர்த்து, "சென்சர் விவரங்களைப் படித்து நீயே யோசித்துச் சொல், அப்புறம் உன் விடையை நீயே சரிபார்" என்று விட்டுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். இங்கே கவனம் தேவை.

படிப்படியாக எழுதி யோசிக்கச் சொன்னால் இந்த மாடல்கள் நன்றாகக் கணக்குப் போடுகின்றன என்று 2022-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரே கேள்வியைப் பல முறை தனித்தனியாக யோசிக்க வைத்து, அதிகம் வந்த விடையை எடுத்தால் இன்னும் மேம்படும் என்பதும் அதே ஆண்டில் வந்தது. ஆனால் "உன் விடையைத் திரும்பிப் பார்த்துத் திருத்து" என்று சும்மா சொன்னால்? வெளியிலிருந்து எந்தத் தகவலும் தராமல் அப்படிச் செய்தால், யோசனைக் கணக்குகளில் விடை மேம்படவில்லை, பல இடங்களில் சரியாக இருந்ததைத் தப்பாக மாற்றிக்கொண்டது என்று 2023-இல் கூகுள் டீப்மைண்ட், இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மளிகைக் கடைக்காரர் பில்லை மேலிருந்து கூட்டிவிட்டு, அடுத்த முறை கீழிருந்து கூட்டுவார். அதே வழியில் கூட்டினால் அதே தப்புதான் திரும்ப வரும் என்று அவருக்குத் தெரியும். மொழி மாடலுக்கும் அப்படி வேறொரு வழி கொடுக்க வேண்டும்: ஒரு கால்குலேட்டர், ஓட்டிப் பார்க்க ஒரு நிரல், பக்கத்துக் கருவியின் அளவு, நேற்று காலை தோட்டத்தில் பார்த்தது.

ஒவ்வொரு படியையும் தனியாகச் சோதிக்கும் இன்னொரு மாடலைப் பயிற்றுவிப்பதும் பலன் தருகிறது. ஓப்பன்ஏஐ 2023-இல் இதற்காக மனிதர்களை வைத்து சுமார் 8 லட்சம் படிகளுக்குச் சரி, தப்பு என்று குறி போட வைத்தது. 2025 ஜனவரியில் வந்த டீப்சீக் ஆர்1 மாடல், விடையைச் சரிபார்க்கக்கூடிய கணக்குகளிலும் நிரல்களிலும் பயிற்சி பெற்றபோது, பாதி வழியில் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது. இரண்டிலும் சரி எது என்று சொன்னது வெளியே இருந்த ஒன்று.

மாடல் எழுதிக் காட்டும் காரணத்தை அப்படியே நம்பவும் கூடாது. 2023-இல் வந்த ஓர் ஆய்வில், மாடலுக்கு மாதிரியாகக் காட்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும், கொடுத்த விடைகளில் முதலாவதே சரி என்று வரும்படி மாற்றி வைத்தார்கள். மாடலும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆனால் எழுதிக் கொடுத்த காரணத்தில் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, வேறு நல்ல நல்ல காரணங்களைச் சொன்னது. படி 1-இல் நாம் வைத்த காரணக் குறிப்பு புரோகிராம் நிஜமாக நடந்த பாதை. மொழி மாடல் சொல்லும் காரணம் அப்படியே இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

படி 8: கவனிப்பவரை யார் கவனிப்பது

மேல்தளமே மாட்டிக்கொண்டால்? அதைக் கவனிக்க இன்னொரு தளம், அதற்கு இன்னொன்று என்று போனால் முடிவே இல்லை. நடைமுறையில், ஒன்றுமே யோசிக்கத் தெரியாத ஒரு கடிகாரத்தை உச்சியில் வைக்கிறார்கள். வாட்ச்டாக் டைமர் என்பார்கள். குறித்த நேரத்துக்குள் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று புரோகிராம் தட்டாவிட்டால், அது எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கும்.

1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆனது. முக்கியமான ஒரு வேலை, முக்கியமில்லாத ஒரு வேலை பிடித்து வைத்திருந்த பொதுவளத்துக்காகக் காத்திருந்து நேரத்தைத் தவறவிட்டது. கடிகாரம் அதைப் பார்த்து மறுதொடக்கம் செய்தது. கலம் பிழைத்தது. ஆனால் ஏன் என்று கடிகாரத்துக்குத் தெரியாது. பூமியில் இருந்த பொறியாளர்கள் அதே மாதிரிக் கணினியில் அந்தக் கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து, திருத்தத்தை அனுப்பினார்கள். நம் தோட்டத்திலும் ஏற்பாடு இதேதான்: மேல்தளத்தைத் தனிப் புரோகிராமாக வைத்தோம், அதன் மேல் ஒரு கடிகாரம், அதற்கு மேல் மறுதொடக்கங்களின் பட்டியலை வாரம் ஒருமுறை படிக்கும் ஒரு மனிதர்.

கடைசியாக, சோதனை. எல்லாம் எழுதி முடித்ததும் உறைபனிக்காகக் காத்திருக்காதீர்கள். அக்டோபர், நவம்பரில் நீர்ப்பனி விழத் தொடங்கும்போதே வேண்டுமென்றே கோளாறுகளைச் செய்து பாருங்கள். ஒரு சென்சரின் ஒயரைப் பிடுங்குங்கள். இன்னொன்றை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். ஒன்றை ஐஸ் கட்டி போட்ட தண்ணீரில் முக்கி 0 டிகிரியில் நிறுத்துங்கள். கணினியின் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். கீழ்த்தளத்தை முடிவில்லாமல் சுற்றவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அமைப்பு மூன்று சந்தேக நபர்களில் யாரைக் கைகாட்டியது, எந்தத் திருத்தத்தை எடுத்தது, எத்தனை நிமிடத்தில் எடுத்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தவறான ஆளைக் கைகாட்டிய வரிகளை எடுத்துக்கொண்டு படி 3-க்குத் திரும்பிப் போய், அங்கே எந்தச் சாட்சி குறைகிறது என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். டிசம்பர் பிறப்பதற்குள் அந்த நோட்டில் உள்ள எல்லா வரிகளையும் ஒரு முறையாவது மறுபடி ஓட்டிவிட வேண்டும்.